ஆக்சிலரேட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவே

மின்சாரக் காரைப் பற்றிப் பேச்செடுத்தால் முதல் கேள்வி பேட்டரியைப் பற்றித்தான் வரும். ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் ஓடும், எத்தனை வருஷம் உழைக்கும், மாற்றினால் என்ன செலவாகும் என்பார்கள். அடுத்தது, மோட்டார் எத்தனை கிலோவாட் என்ற கேள்வி. இந்த இரண்டுக்கும் நடுவில், தடித்த ஆரஞ்சு நிறக் கேபிள்கள் வந்து சேரும் ஓர் அலுமினியப் பெட்டி இருக்கிறது. அதைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. ஆனால் ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் கிடைக்கிற அந்த முதல் நகர்வு, மேட்டில் பின்னால் உருளாமல் ஏறுகிற பிடிப்பு, காலை எடுத்ததும் வேகம் தணிகிற விதம் எல்லாமே அந்தப் பெட்டிக்குள் தீர்மானமாகின்றன. டி.சி. மோட்டாருக்கு என்றால் கன்ட்ரோலர் என்றும், ஏ.சி. மோட்டாருக்கு என்றால் இன்வெர்ட்டர் என்றும் அதைச் சொல்கிறார்கள்.

வீட்டுக் கொட்டகையில் பழைய காரை மின்சாரத்துக்கு மாற்றுகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் இந்தப் பெட்டியைக் கடையில் வாங்கிப் பொருத்திவிடுவார்கள். மிகச் சிலர்தான் அதையும் தாமே செய்யத் துணிந்தார்கள். செய்ததோடு விடாமல் சர்க்யூட் படம், போர்டின் அமைப்பு, உள்ளே ஓடும் புரோகிராம் அத்தனையையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம் என்று வெளியிட்டார்கள். அந்தப் படைப்புகளைப் படித்து ரசிக்கிறவன் நான். ஓட்டுகிறவருக்குக் கிடைக்கும் சுகம் எந்த வரியில், எந்தச் செப்புத் தகட்டில் பிறக்கிறது என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய வாகனங்கள் மிகக் குறைவு. இவை அந்த ரகம்.

முதலில் வேலை என்னவென்று பார்த்துவிடலாம். மின்வெட்டுக்காக நாம் வீட்டில் வைத்திருக்கும் இன்வெர்ட்டர், 12 வோல்ட் பேட்டரியின் டி.சி. மின்சாரத்தை 230 வோல்ட் ஏ.சி.யாக மாற்றித் தருகிறது. வினாடிக்கு 50 சுற்று, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அவ்வளவுதான் அதன் பொறுப்பு. காரின் இன்வெர்ட்டரும் அதே குடும்பம்தான். ஆனால் 400 வோல்ட் அளவுள்ள பேட்டரியிலிருந்து, ஒன்றுக்கொன்று 120 டிகிரி தள்ளிய மூன்று அலைகளை அது உண்டாக்க வேண்டும். அந்த அலைகளின் வேகம் பூஜ்யத்திலிருந்து வினாடிக்குப் பல நூறு சுற்று வரை பாதம் சொல்கிறபடி ஏறி இறங்க வேண்டும், உயரமும் கூடவே மாற வேண்டும். வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி பேட்டரிக்குள் திருப்பி அனுப்பவும் வேண்டும்.

இந்தக் கலையின் எளிய தொடக்கம் டி.சி. மோட்டார் காலத்தில் இருக்கிறது. வீட்டில் கார் கட்டியவர்களுக்கு அப்போது கைக்கு எட்டியது ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளில் வரும் சீரீஸ் மோட்டார். அதற்கான கன்ட்ரோலர் கொள்கையளவில் ஒரு சுவிட்ச், ஒரு டையோடு, அவ்வளவுதான். சுவிட்சை வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை போட்டுப் போட்டு அணைக்கிறோம். போடும்போது பேட்டரி மோட்டாருக்குள் மின்சாரத்தைத் தள்ளுகிறது. அணைக்கும்போது மோட்டாரின் செப்புச் சுருள், ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்தைச் சட்டென்று நிற்கவிடாது. அது டையோடு வழியே வளைந்து வந்து மறுபடியும் மோட்டாருக்குள்ளேயே ஓடும். சுவிட்ச் கால்பங்கு நேரம் மட்டும் போட்டிருந்தால், 144 வோல்ட் பேட்டரி சராசரியாக 100 ஆம்பியர் கொடுக்கையில் மோட்டாருக்குள் 36 வோல்ட்டில் 400 ஆம்பியர் ஓடும். சிறு இழப்புகளைத் தள்ளிவிட்டால் இரண்டு பக்கத்துப் பெருக்குத்தொகையும் ஒன்றேதான். பேட்டரி கொடுத்ததைப் போல நாலு மடங்கு ஆம்பியர்! இழுவிசையைத் தருவது ஆம்பியர் என்பதால், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கனமான காரும் முதல் கியர் போட்ட மாதிரி இழுக்கும். ஒரு சுவிட்சும் ஒரு டையோடும் சேர்ந்து தருகிற இந்தக் கணக்கு எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

அமெரிக்காவில் 2008 வாக்கில் சில ஆர்வலர்கள் கூடி உருவாக்கிய ‘ஓப்பன் ரிவோல்ட்’ இந்தக் கணக்கை அப்படியே உலோகத்தில் எழுதிய படைப்பு. 144 வோல்ட், 500 ஆம்பியர். மூளையாக ஏட்மெகா வகைச் சில்லு. படிக்கிற பையன்கள் ஆர்டுயினோ போர்டில் விளக்கு எரிய வைத்துப் பழகுகிற அதே குடும்பத்துச் சில்லு. சுவிட்சாக வேலை செய்வது மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர். 500 ஆம்பியரை ஒற்றை மாஸ்ஃபெட்டால் தாங்க முடியாது என்பதால் பல மாஸ்ஃபெட்டுகளை வரிசையாக நிறுத்தித் தடித்த செப்புப் பட்டைகளில் இணைத்திருக்கிறார்கள். இங்கே ஒரு நயம் உண்டு. மாஸ்ஃபெட் சூடேற ஏற அதன் மின்தடை கூடும். ஆகவே கூட்டத்தில் ஒன்று கூடுதல் சுமையை எடுத்துச் சூடானால், தானாகவே கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பக்கத்தில் இருப்பவற்றுக்கு மின்சாரத்தைத் தள்ளிவிடும். சுமையைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லி யாரும் புரோகிராம் எழுத வேண்டியதில்லை. பொருளின் சுபாவத்தையே வேலைக்காரனாக வைத்துக்கொள்கிற இந்தப் புத்திசாலித்தனம் நல்ல வடிவமைப்பின் முதல் அடையாளம்.

ஆனாலும் சீரீஸ் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேயும், பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைத் திருப்பி எடுப்பதும் சிரமம். பெரிய கம்பெனிகளின் கார்கள் எல்லாம் ஏ.சி. மோட்டாருக்குப் போன பிறகு வீட்டுக் கார் கட்டுகிறவர்களும் அங்கே போக வேண்டியிருந்தது. அங்கே ஒரு சுவிட்ச் ஆறாகிறது. கணக்கு நூறு மடங்கு கடினமாகிறது. அந்தக் கடினமான ஏற்றத்தில் வழி வெட்டியவர் ஜெர்மனியைச் சேர்ந்த யோஹன்னஸ் ஹியூப்னர். ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் போலோவுக்காக இன்வெர்ட்டரைத் தாமே கட்டத் தொடங்கியவர், அதை ‘ஓப்பன்இன்வெர்ட்டர்’ என்ற பெயரில் ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் எல்லாருக்கும் விட்டுவிட்டார். எடுத்துத் திருத்தி மற்றவர்களுக்குக் கொடுக்கிறவர் தம் திருத்தத்தையும் திறந்து கொடுக்க வேண்டும் என்பது அந்த உரிமத்தின் நிபந்தனை.

ஆறு சுவிட்சுகளும் ஐ.ஜி.பி.டி. வகை. மாஸ்ஃபெட்டைப் போல வோல்ட்டேஜால் இயங்கும், பழைய டிரான்சிஸ்டரைப் போல பெரிய மின்சாரத்தைத் தாங்கும். இதை 1980களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் உருவாக்கி நிலைநிறுத்திய ஜெயந்த் பாலிகா 1948-ல் சென்னையில் பிறந்தவர்; 1969-ல் ஐ.ஐ.டி. மெட்ராஸில் மின்பொறியியல் பட்டம் பெற்றவர். 2024-ல் அவருக்கு ஃபின்லாந்தின் மில்லினியம் தொழில்நுட்பப் பரிசு கிடைத்தது. ஓடுகிற ரயில், லிஃப்ட், ஏர்கண்டிஷனர், இண்டக்ஷன் அடுப்பு என்று அவருடைய சுவிட்ச் இல்லாத இடம் இல்லை. நம் ஊரில் அவர் பெயர் இன்னும் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராகவில்லை என்பது எனக்குக் குறைதான்.

ஐ.ஜி.பி.டி. விலைக்குக் கிடைக்கும். அதைச் சுற்றிக் கட்டுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. சுவிட்சுகளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கெபாசிட்டர் நிற்கும். இரண்டையும் செப்புத் தகடுகள் இணைக்கும். ரசிகன் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்தத் தகடுகள். எந்தக் கடத்தியில் மின்சாரம் ஓடினாலும் அதைச் சுற்றிக் காந்தப்புலம் இருக்கும். ஓட்டத்தைத் திடீரென்று நிறுத்தினால் அந்தப் புலம் சுருங்கி, வோல்ட்டேஜாக எகிறும். 500 ஆம்பியரை 0.2 மைக்ரோவினாடியில் நிறுத்துகிறோம் என்று வையுங்கள். வழியில் 50 நானோஹென்றி இண்டக்டன்ஸ் இருந்தாலே 125 வோல்ட் எகிறும். பேட்டரியின் 400-ஐச் சேர்த்தால் 525. 650 வோல்ட் தாங்கும் ஐ.ஜி.பி.டி. பிழைத்துக்கொள்ளும். அதே இடத்தில் இரண்டு கேபிள்களை ஒரு சாண் நீளத்துக்கு அகலவிட்டு இணைத்திருந்தால் 200 நானோஹென்றி சர்வசாதாரணமாக வந்துவிடும். எகிறல் 500 வோல்ட், மொத்தம் 900. சுவிட்ச் அந்தக் கணமே வெடித்துவிடும். கேபிள் எவ்வளவு தடிமன் என்பது இங்கே உதவாது.

மருந்து மிக எளியது. பிளஸ்ஸுக்கு ஓர் அகலமான தகடு, மைனஸுக்கு இன்னொன்று, நடுவில் மெல்லிய காப்புத் தாள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிவைக்க வேண்டும். போகிற மின்சாரமும் வருகிற மின்சாரமும் மயிரிழை இடைவெளியில் எதிரெதிராக ஓடுவதால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. தெரிந்த கை செய்த தகடுகளைக் கிட்டத்தில் பார்த்தால் விஷயம் புரியும். காப்புத் தாள் செப்பின் ஓரத்தைத் தாண்டி நாலாபுறமும் வெளியே நீண்டிருக்கும், ஓரத்தைச் சுற்றிப் பொறி தாவாமல் இருக்க. வெட்டிய விளிம்புகளில் பிசிறு இருக்காது. அரம் போட்டு மழுக்கியிருப்பார்கள், ஒரு சின்னப் பிசிறு தாளைக் கிழித்தாலும் 400 வோல்ட் நேராக முட்டிக்கொள்ளும். போல்ட் துளையைச் சுற்றி எதிர்த் தகட்டில் பெரிய வட்டம் வெட்டி விலக்கியிருக்கும். சர்க்யூட் படத்தில் இதெல்லாம் இரண்டு நேர்கோடுகள், அவ்வளவுதான். கோட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் இந்த அறிவுதான் அனுபவசாலியின் சொத்து. திறந்த வடிவமைப்பில் அது அளவுகளோடு எழுதிவைக்கப்பட்டிருக்கிறது.

அடுத்தது, இறந்த நேரம். ஆறு சுவிட்சுகள் மூன்று ஜோடிகளாக நிற்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் மேலே இருப்பது பிளஸ்ஸோடும் கீழே இருப்பது மைனஸோடும் இணைந்திருக்கிறது. ஒரு ஜோடியின் இரண்டும் ஒரே நேரத்தில் போட்டிருந்தால் பேட்டரி நேராக ஷார்ட் ஆகிவிடும். சுவிட்சோ கட்டளை வந்ததும் அணைவதில்லை, அணைய அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அதனால் ஒன்றை அணைத்து, ஒன்றிரண்டு மைக்ரோவினாடி காத்திருந்து, பிறகுதான் மற்றதைப் போட வேண்டும். அதிகம் காத்தால் அலையின் வடிவம் கெடும். மெதுவாக ஊர்கிற வேகத்தில் மோட்டார் முனகி நெளியும். குறைவாகக் காத்தால் புகை. சரியான அளவைக் கணக்கில் மட்டும் பிடித்துவிட முடியாது. ஆசிலோஸ்கோப்பில் இரண்டு சுவிட்சுகளின் கட்டளை முனைக்கு, அதாவது கேட்டுக்கு, வரும் அலைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, ஒன்று தரையைத் தொட்டு அடங்கிய பிறகு மற்றது எழுகிறதா என்று பார்த்துப் பார்த்து நெருக்கிக்கொண்டு வர வேண்டும். நல்ல கேட் டிரைவரில் சுவிட்சைப் போட 15 வோல்ட் கொடுப்பார்கள். அணைக்கும்போது பூஜ்யத்தோடு நிறுத்தாமல் அதற்கும் கீழே சில வோல்ட் இழுத்து அழுத்திவைப்பார்கள், பக்கத்துச் சுவிட்சின் அதிர்வில் இது தவறிப்போய் விழித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக.

காரை ஆன் செய்யும்போது அடுத்தடுத்துக் கேட்கும் இரண்டு ‘டக்’ சத்தங்களுக்கும் இங்கே காரணம் இருக்கிறது. 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை 400 வோல்ட்டில் நிரப்பினால் அதற்குள் 80 ஜூல் ஆற்றல் அடைந்திருக்கும். காலியாக இருக்கும் அதை நேராக பேட்டரியில் கொடுத்தால் முதல் கணத்தில் பாயும் மின்சாரம் பேட்டரியை இணைக்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டரின் முனைகளையே வெல்டிங் வைத்துவிடும். ஆகவே முதலில் ஒரு சின்ன ரிலே ரெசிஸ்டர் வழியாக மெல்ல நிரப்புகிறது. வோல்ட்டேஜ் ஏறியதைப் பார்த்த பிறகே பெரிய கான்டாக்டர் மூடுகிறது. முதன்முதலாகக் கட்டிய பெட்டிக்கு உயிர் கொடுக்கும்போது அனுபவசாலிகள் இன்னொரு எச்சரிக்கையும் எடுப்பார்கள்: பேட்டரி லைனில் ஒரு பழைய குண்டு பல்பைத் தொடராக மாட்டுவார்கள். உள்ளே ஏதாவது ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், பெட்டி தப்பிக்கும்.

இனி மூளைக்கு வருவோம். ஓப்பன்இன்வெர்ட்டரில் இருப்பது எஸ்.டி.எம்.32 குடும்பத்தின் ஒரு சாதாரணச் சில்லு. வேகம் 72 மெகாஹெர்ட்ஸ், தசமக் கணக்குக்கென்று தனி வன்பொருள் கிடையாது. வழக்கமாக அது வினாடிக்கு 8,800 தடவை அலையைச் செதுக்குகிறது. அப்படியென்றால் ஒரு தடவைக்குக் கிடைப்பது சுமார் 114 மைக்ரோவினாடி, அதாவது 8,192 கடிகாரத் துடிப்புகள். அதற்குள் மோட்டாரின் மின்சாரத்தை அளந்து, அச்சு எங்கே நிற்கிறது என்று பார்த்து, சைன் மதிப்பை எடுத்து, மூன்று ஜோடிகளுக்கும் புதிய எண்களை எழுதி முடித்தாக வேண்டும். தாமதம் என்ற பேச்சே இல்லை. இதற்காக ஹியூப்னர் எண்களை முழு எண்களாகவே வைத்து, கடைசி ஐந்து பிட்டுகளைப் பின்னத்துக்கு ஒதுக்கினார். ஆக மிகச் சிறிய அலகு 32-ல் ஒன்று. நம் பழைய கீழ்வாய்க் கணக்கில் அரைவீசம். ஒரு காரின் ஓட்டம் முழுவதையும் அரைவீசத் துல்லியத்தில் நடத்தலாம் என்று கண்டுகொண்டதில் ஒரு கைதேர்ந்தவரின் நிதானம் தெரிகிறது. கூடுதல் துல்லியம் வேண்டுமென்று பெரிய சில்லுக்கு ஓடியிருக்கலாம். எவ்வளவு போதும் என்று தெரிந்தவர் ஓடவில்லை.

இண்டக்ஷன் மோட்டாருக்கு அவர் முதலில் எழுதிய வழி நேரடியானது. மோட்டாரின் சுழலும் பகுதியான ரோட்டரின் வேகத்தை அள. அதைவிடச் சற்று வேகமாகக் காந்தப்புலத்தைச் சுழற்று. அந்த வித்தியாசமே இழுவிசை. நாலு துருவ மோட்டார் 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் ரோட்டர் மின்கணக்கில் 100 ஹெர்ட்ஸ். புலத்தை 102-ல் சுழற்றினால் கார் முன்னே இழுக்கும், 98-ல் சுழற்றினால் பிரேக் பிடித்து பேட்டரியை நிரப்பும். ஓட்டுகிறவரின் பாதம் தீர்மானிப்பது அந்த இரண்டு ஹெர்ட்ஸைத்தான். தாழ்ந்த வேகத்தில் செப்புச் சுருளின் தடையே வோல்ட்டேஜைத் தின்றுவிடும் என்பதால் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க ஓர் எண் உண்டு, பெயர் ‘பூஸ்ட்’. எந்த வேகத்தில் முழு வோல்ட்டேஜும் தீர்ந்து, அதற்குமேல் காந்தப்புலம் மெலியத் தொடங்க வேண்டும் என்பதற்கு இன்னோர் எண். ‘பூஸ்ட்’ குறைந்தால் கார் மேட்டில் திணறும். கூடினால் சிக்னலில் கிளம்பும்போது பின்சீட்டுக்காரர் தலை ஆடும். மோட்டார் மாறினால் எண்ணும் மாறும். கார் கட்டியவர் வெறும் சாலையில் ஓட்டிப் பார்த்து, கையிலுள்ள போனில் வைஃபை வழியே அந்த எண்ணைத் திருத்தி, திரும்ப ஓட்டிப் பார்த்துத்தான் அதை அடைகிறார்.

காந்தம் பதித்த ரோட்டர் உள்ள மோட்டாருக்கு இந்த வழி செல்லாது. அங்கே வேண்டியது, 1970களின் தொடக்கத்தில் சீமென்ஸ் நிறுவனத்தின் ஃபெலிக்ஸ் பிளாஷ்கே வகுத்துக் கொடுத்த புலநோக்குக் கட்டுப்பாடு. அதன் கணித வேர் இன்னும் பழையது. அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் பார்க் 1929-ல் வெளியிட்டது. வெளியே நின்று பார்த்தால் மூன்று மின்சாரங்களும் ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ரோட்டரோடு சேர்ந்து சுழலும் அச்சுகளிலிருந்து பார்த்தால் அவை இரண்டே எண்களாக அடங்கிவிடும். ஒன்று காந்தப்புலத்தின் திசையில் உள்ள பங்கு, மற்றது அதற்குச் செங்குத்தாக நின்று இழுவிசையைத் தரும் பங்கு. சீராக ஓடும்போது இரண்டும் அசையாமல் நிற்கும். அசையாத எண்ணைக் கட்டுப்படுத்துவது எளிது. கட்டுப்படுத்தியதும் திரும்ப மூன்று அலைகளாக மாற்றி மோட்டாருக்கு அனுப்பிவிடலாம். இந்தப் போக்குவரத்து முழுவதும் மேலே சொன்ன 8,192 துடிப்புகளுக்குள் நடக்கிறது. புரோகிராமில் அந்தப் பகுதி நீளம்கூட இல்லை. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். கணிதம் இவ்வளவு சுருக்கமாக ஒன்றரை டன் இரும்பை நகர்த்துகிற இடம் வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

எல்லாம் ஒரு கோணத்தைப் பொறுத்தது. ரோட்டர் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்ல மோட்டாரின் அச்சில் ரிசால்வர் என்றொரு உறுப்பு இருக்கும். உள்ளே சில்லு கில்லு எதுவும் கிடையாது, செப்புச் சுருளும் இரும்பும்தான். எண்ணெய்க்கும் சூட்டுக்கும் அசையாது. ஒரு சுருளில் அதிர்வை அனுப்பினால் மற்ற இரண்டு சுருள்கள் சைனையும் கோசைனையும் திருப்பித் தரும். இரண்டிலிருந்தும் கோணத்தைக் கணக்கிடலாம். ஆனால் ரிசால்வரின் பூஜ்யமும் காந்தத்தின் பூஜ்யமும் ஒரே இடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் முறை இந்தக் கலையிலேயே எனக்கு மிகப் பிடித்தது. இழுவிசைப் பங்கை பூஜ்யமாக்கிவிட்டு, காந்தத் திசைப் பங்கில் மட்டும் மின்சாரத்தை அனுப்புவார்கள். கோணம் தவறாக இருந்தால் அந்த மின்சாரத்தில் கொஞ்சம் இழுவிசையாகக் கசிந்து அச்சு ஒரு பக்கம் சுழல முயலும். எண்ணைத் திருத்தத் திருத்த அந்த முனைப்பு குறைந்துகொண்டே வரும். சரியான எண்ணில் பல பத்து ஆம்பியர் மோட்டாருக்குள் ஓடும், சுருள் சூடேறும், ‘கொய்ங்’ என்று சத்தமும் வரும், அச்சு மட்டும் அசையாது. கையால் திருப்பினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இலகுவாகத் திரும்பும். பல கிலோவாட் மோட்டாரை ஓட்டக் கற்பதற்கு முன்னால் அதை ஓடாமல் நிறுத்தக் கற்கிறார்கள்.

சறுக்குப் பலகைகளுக்கும் மிதிவண்டிகளுக்கும் ஸ்வீடனின் பெஞ்சமின் வெடர் உருவாக்கிய வெஸ்க் என்ற திறந்த கன்ட்ரோலர், இந்தச் சோதனைகளில் பலவற்றைத் தானே செய்துகொள்ளும். மோட்டாருக்குள் சின்னத் துடிப்புகளை அனுப்பி அதன் தடையையும் இண்டக்டன்ஸையும் அளந்துவிடும். கெட்டிக்காரத்தனமான வேலை, மறுக்கவில்லை. ஆனால் கார் அளவுக்கு வரும்போது, எண்ணைக் கையால் தேடி அடைந்தவருக்குத் தம் மோட்டாரின் குணம் தெரிந்திருக்கும் என்பதே என் கட்சி.

ஓட்டும் சுகத்துக்கு வருகிறேன். மின்மோட்டார் கேட்ட கணத்தில் முழு இழுவிசையையும் கொடுத்துவிடும். அதை அப்படியே சக்கரத்துக்கு அனுப்புகிற கன்ட்ரோலர் பழகாத கன்ட்ரோலர். கியர் பற்களுக்கு இடையே எப்போதும் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. இழுப்பிலிருந்து பிரேக்குக்கு மாறும்போது பற்கள் அந்த இடைவெளியைத் தாண்டி மறுபக்கம் மோதும். வேகமாக மாற்றினால் ‘டொக்’ என்று அடிக்கும், அச்சுத் தண்டுகள் முறுக்கேறி கார் முன்னும் பின்னுமாக உலுக்கும். நன்றாகச் செய்த அமைப்பில் இழுவிசை ஏறும் வேகத்துக்கு ஒரு வரம்பும் இறங்கும் வேகத்துக்கு ஒரு வரம்பும் தனித்தனியாக இருக்கும். பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் இன்னும் மெதுவாகப் போகும். கார் நிற்கப்போகும் கடைசிக் கட்டத்தில் மின் பிரேக் மங்கி மறைந்துவிட வேண்டும், இல்லையென்றால் நிற்கும்போது தலை குனிந்து எழும். பாதத்தின் முதல் அங்குலத்துக்குச் சின்ன இழுவிசையும் கடைசி அங்குலத்துக்குப் பெரியதும் வருகிற மாதிரி வளைத்துக் கொடுத்தால் நெரிசலில் ஊர்வது சுலபம். கம்பெனிக் கார்களிலும் இவையெல்லாம் உண்டு. பெரிய குழுக்கள் மாதக்கணக்கில் இதற்காக உழைக்கின்றன. ஆனால் அங்கே அவை பூட்டிய பெட்டிக்குள் இருக்கின்றன. இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஓர் எண்ணும் உண்டு. எனக்குப் பிடித்த நடையை என் காருக்கு நானே எழுதிக்கொள்ளலாம்.

சத்தத்தையும் சொல்ல வேண்டும். 8.8 கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆகும்போது மெல்லிய விசில் ஒன்று கேட்கும். 17.6-க்கு ஏற்றினால் பெரும்பாலோர் காதுக்கு எட்டாது. ஆனால் சுவிட்சைப் போட்டு அணைப்பதில் வீணாகும் சூடு இரட்டிப்பாகும். எனக்கு அந்த விசில் இருக்கட்டும் என்றே தோன்றும். ஜப்பானில் கெய்க்கியூ நிறுவனத்தின் 2100 வகை ரயில்கள் 1998-ல் ஓடத் தொடங்கியபோது, அவற்றின் சீமென்ஸ் இன்வெர்ட்டர்கள் கிளம்பும் நேரத்தில் படிப்படியாக ஸ்வரம் ஏறுகிற மாதிரி சுவிட்ச் வேகத்தை அமைத்திருந்தார்கள். அதைக் கேட்பதற்கென்றே ரசிகர்கள் பிளாட்பாரத்தில் காத்திருந்தார்கள். பின்னாளில் இன்வெர்ட்டர்களை மாற்றியபோது அந்த ஸ்வரமும் போய்விட்டது. எப்படியும் வரப்போகிற சத்தத்தைக் காதுக்கு இதமாக்கிய அந்தப் பொறியாளர்களுக்கு ஒரு கும்பிடு.

இன்று இந்தத் துறையில் நடக்கும் மிகச் சுவையான வேலை காயலான் கடையில் தொடங்குகிறது. 2009-ல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸின் இன்வெர்ட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அலுமினியப் பெட்டிக்குள் இரண்டு மோட்டார்களுக்கான இரண்டு இன்வெர்ட்டர்கள், 200 வோல்ட் பேட்டரியை 650 வரை தூக்கும் கன்வெர்ட்டர், 12 வோல்ட் சப்ளை, தண்ணீர் ஓடும் ஹீட் சிங்க் எல்லாம் இருக்கின்றன. நான் மேலே வியந்த செப்புத் தகட்டு வேலை முழுவதையும் டொயோட்டா ஏற்கெனவே குறையில்லாமல் செய்துவைத்திருக்கிறது. விபத்தில் அடிபட்ட காரிலிருந்து இது மலிவாகக் கிடைக்கும். அயர்லாந்தின் டேமியன் மக்வயர் போன்றவர்கள் உள்ளே இருக்கும் கன்ட்ரோல் போர்டைக் கழற்றிவிட்டு, அதே துளைகளில், அதே கனெக்டரில் உட்காரும்படி திறந்த போர்டு ஒன்றை வரைந்தார்கள். டெஸ்லா மாடல் எஸ் காரின் பெரிய டிரைவ் யூனிட்டுக்கும் இப்படிச் செய்தார்கள். அது பழைய பி.எம்.டபிள்யூவுக்குள் உட்கார்ந்து ஓடுகிறது. வோல்ட்டேஜைத் தூக்குவதற்காக டொயோட்டா வைத்த கன்வெர்ட்டரை பேட்டரி சார்ஜராக ஓடவைத்ததும் உண்டு. யாரோ முன்பின் தெரியாத ஜப்பானியப் பொறியாளர் தகட்டின் அளவைக் கணக்கிட்டபோது நினைத்தே பார்த்திராத வேலைக்கு, அவர் செய்த சரக்கின் தரத்தைப் புரிந்துகொண்ட இன்னொருவர் அதை எடுத்துச் செல்கிறார். ஒரு தொழில்காரருக்கு இன்னொரு தொழில்காரர் செய்யக்கூடிய மரியாதை இதைவிடப் பெரிதாக இருக்க முடியாது.

ஒரு குறையைச் சொல்லாமல் விட்டால் ரசனை அரைகுறையாகிவிடும். கம்பெனிக் கார்களில் இழுவிசையைக் கணக்கிடும் சில்லை இன்னொரு சில்லோ தனிச் சுற்றோ கண்காணித்துக்கொண்டே இருக்கும். கேட்டதற்கும் கொடுத்ததற்கும் பொருந்தவில்லை என்றால் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். வீட்டுக் கார்களின் திறந்த வடிவமைப்புகளில் பெரும்பாலும் ஒரு சில்லுதான். ஓரளவுக்கு ஈடாக இருப்பவை: அளவுமீறிய மின்சாரத்தைப் பார்த்ததும் புரோகிராமைக் கேட்காமலே ஆறு சுவிட்சையும் அணைக்கும் வன்பொருள் பாதுகாப்பு, பிரேக் மிதித்ததும் இழுவிசையை விடுவிக்கும் ஏற்பாடு, இரண்டு தனித்தனி சென்சார்கள் உள்ள ஆக்சிலரேட்டர். அந்த இரண்டு சென்சார்களும் ஒத்துப்போகாவிட்டால் நல்ல புரோகிராம் எதையும் நம்பாமல் பிழை என்று பதிவு செய்துவிடும். புதிய போர்டு ஒன்றின் படம் வெளிவந்தால் நான் இப்போதெல்லாம் முதலில் தேடுவது, இரண்டாவது கண்காணிப்பாளருக்கு இடம் விட்டிருக்கிறார்களா என்பதைத்தான். செப்புத் தகடுகளைப் பார்ப்பது அதற்கப்புறம்.